தளம் போடுமுன் தீர்மானிக்க வேண்டியவை: நெசவாளர் புது வீட்டில் வெயில் தடுப்பும் இணையக் கம்பியும்

ஆரணியிலும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் நெசவாளர் அங்கத்தினர்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளமிட்ட வீடு கட்டிக்கொள்வது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. மழைக்கு ஒழுகாத கூரை, பின்னால் மாடி எழுப்ப வசதி, சம்பந்தம் பேச வருவோர் மதிக்கும் தோற்றம் ஆகியவற்றைக் கருதி இதைச் செய்கிறார்கள். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் புது வீடு புகுந்த பின் முதல் சித்திரை மாதம் வந்ததும் அநேக இல்லங்களில் ஒரே முறையீட்டைக் கேட்கிறோம். உச்சிப்பொழுதுக்கு மேல் தறியில் உட்கார முடிவதில்லை. பாவு இழை அடிக்கடி அறுகிறது. இரவிலும் தளத்திலிருந்து அனல் இறங்குகிறது என்கிறார்கள். கூடவே மற்றொரு முறையீடும் உண்டு. தறி அறைக்குள் கைப்பேசி எடுப்பதில்லை. புடவையைப் பார்க்க வேண்டும் என்று யாரேனும் அழைத்தால் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற தொல்லைகளாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டுக்கும் வழி செய்ய வேண்டிய காலம் ஒன்றே. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய சில நாட்களே அக்காலம். அதைத் தவறவிட்டால் பிறகு சுவரைக் கொத்தியும் தளத்தைத் துளைத்தும், கட்டிய கடன் அடையுமுன்னே மறு கடன் வாங்கியும் செய்ய நேரும். அன்றியும், வெயிலைத் தடுக்க நாம் செய்யும் ஏற்பாடு இணைய அலையைக் கெடுக்கவும் கூடும். ஆகவே இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒரே சமயத்தில் தீர்மானிப்பது அவசியமாகிறது.

முதலில் பட்டு நூலின் சுபாவத்தைக் கவனிப்போம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக உள்ளபோது பட்டு தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. பட்டு வாணிபத்தில் எடைக்கணக்குப் பார்ப்பதும் இந்த 11 சதவீதத்தைக் கொண்டுதான். அறை வறண்டால் நூல் அந்த ஈரத்தை விட்டுவிடுகிறது. இழை துவளும் தன்மை இழந்து முறுகுகிறது. அச்சிலும் விழுதிலும் உரசும்போது அறுகிறது. தெருவில் பாவு நீட்டும் வேலையை நம் முன்னோர் விடியற்காலையில் வைத்துக்கொண்டதற்கும், தறியைக் குழியில் இறக்கி அமைத்ததற்கும் இந்த ஈரமும் குளிர்ச்சியும் ஒரு காரணம். எனவே நெசவாளருக்கு வெயில் தடுப்பு என்பது உடற்சுகத்தோடு நின்றுவிடுவதன்று. உருப்படிக்குக் கூலி பெறுகிறவருக்கு அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு ஒருவரும் காசு கொடுப்பதில்லை.

பழைய கூரைகள் இவ்விஷயத்தில் நமக்கு அறியாமலே உதவி செய்துவந்தன. நாட்டு ஓட்டின் சந்துகள் வழியே சூடேறிய காற்று மேலே கசிந்து போய்விடும். மங்களூரில் பாசல் மிஷனார் 1865ஆம் ஆண்டு தொழிற்சாலை தொடங்கியபின் பரவிய சீமை ஓட்டிலும் ஓரளவு இக்குணம் உண்டு. வசதியுள்ளோர் வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் தளம் இருந்தது. மரக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். கனமான கூரை, சூடு மெல்ல இறங்கும். இவை போய் வந்திருக்கும் 5 அங்குலக் கான்கிரீட் தளமோ வெயிலை வாங்கித் தன்னுள் தேக்கிவைத்து, சில மணி நேரம் கழித்து அறைக்குள் விடுகிறது. அதனால்தான் பிற்பகல் நான்கு மணிக்கும், விளக்கு வைத்த பிறகும் உக்கிரம் அதிகமாகத் தெரிகிறது.

ஒரு சிறு கணக்கு பார்க்கலாம். மேலே வேறொன்றும் போடாத கான்கிரீட் தளத்தின் வழியே, வெளியுக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 3.3 வாட் சூடு இறங்கும். வெயில் காயும் மேற்புறம் அறையைவிட 30 டிகிரி அதிகமாகச் சுட்டால், 200 சதுர அடித் தறி அறைக்குள் இறங்குவது ஏறக்குறைய 1,800 வாட். கூரையில் ஒரு பெரிய மின் அடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நெய்வதற்கு இது சமானம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ-நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் சூடு இதே அளவையில் 1.2 வாட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. அதைப் பின்பற்றினால் மேற்சொன்ன அறையில் 1,800 என்பது 700க்குள் அடங்கும்.

அந்த 1.2க்கு எப்படி வருவது? தளத்தின்மேல் 4 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்தால் 3.3 என்பது சுமார் 2.2 ஆகக் குறைகிறது. நல்ல பலன்தான், ஆனால் போதாது. இதற்குக் கீழே ஓர் அங்குலக் கனத்தில் கெட்டியான தெர்மாகோல் பலகையோ, எக்ஸ்.பி.எஸ். எனக் கடைகளில் கேட்டு வாங்கும் நுரைப் பலகையோ விரித்துவிட்டால் அளவு 1.2க்கும் கீழே போய்விடும். எக்ஸ்.பி.எஸ். தண்ணீரை அதிகம் உறிஞ்சாது என்பதால் கூரைக்கு அதையே நாம் சிபாரிசு செய்வோம். வரிசை முறையும் முக்கியம். கான்கிரீட் தளம், அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் நுரைப் பலகை, பிறகு கோழிவலை வைத்த கலவைப் பூச்சு வாட்டத்துடன், கடைசியில் வெள்ளை ஓடு. இப்படிப் போட்டால் தளமே வெயிலுக்கு மறைந்துவிடும். விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும்.

சிலர் இதையே உட்புறத்தில், பொய்க்கூரையாகத் தெர்மாகோல் அடித்துச் செய்கிறார்கள். செலவு குறைவு என்பது மெய். ஆனால் தறிக்குமேல் ஜக்கார்டுப் பெட்டி உட்கார வேண்டிய உயரத்தை அது தின்றுவிடுகிறது. தெர்மாகோல் எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். பட்டும் பாவும் கிடக்கும் அறையில் அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு வெள்ளையடிப்பு ஒன்று உண்டு. புதிதாக அடித்த வெள்ளை, மேலே விழும் வெயிலில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். பழுப்பேறிய சிமெண்டுத் தளம் ஏறக்குறைய மூன்று பங்கையே திருப்பும். 2010ஆம் ஆண்டு வெப்ப அலையில் பெருந்துன்பம் கண்ட அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது; பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தூசி படிந்தால் பலன் குறையும். மாசி, பங்குனியில் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கூரைக்கு ஏற்றுவது பெரிய காரியமல்ல.

சுவரைப் பற்றிப் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். இரட்டைச் சுவர் வைக்கலாமா, எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் வாங்கலாமா, லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு நல்லதா என்று. எல்லாம் நல்லவைதாம். ஆனால் நெசவாளர் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பக்கச் சுவர்களில் வெயில் படுவதே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் சுவருக்குச் செலவழிக்கும் ரூபாயைக் கூரைக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். தனி மனையில் கட்டுவோர் மட்டும் மேற்குச் சுவரைக் கவனித்தால் போதும். அங்கே ஜன்னலைச் சிறிதாக்கி, சன்ஷேடை நீட்டி, ஒரு முருங்கையோ வேம்போ வைக்கலாம். தறிக்கு வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும்.

“ஏ.சி. வைத்துவிட்டால் தீர்ந்தது” என்று சொல்லும் இளைஞர்களும் உண்டு. ஏ.சி. குளிர்ச்சியைக் கொடுக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் வடித்து வெளியேற்றுகிறது. பட்டு நூலுக்கு வேண்டாதது எதுவோ அதையே செய்கிறது. மின்சாரக் கணக்கும் பார்க்க வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் மாநில அரசு 300 யூனிட்டாக உயர்த்தியது. ஒரு டன் ஏ.சி. மணிக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை இழுக்கும். நாளுக்கு 8 மணி வீதம் 60 நாள் ஓட்டினால் 360 முதல் 480 யூனிட் அதற்கே போய்விடும். ஒரு மின்விசிறிக்கு அதே காலத்தில் 35 யூனிட் போதும். கூரையைச் சரியாகப் போட்டு, உச்சிவேளையில் ஜன்னலை மூடி, இரவில் திறந்துவிட்டு, வெட்டிவேர்த் தட்டியையோ நனைத்த சாக்கையோ ஜன்னலில் கட்டிக்கொண்டால் நூலுக்கு ஈரமும் கிடைக்கிறது. ஜரிகைக் கட்டைகளை மட்டும் அந்த ஈரத்துக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; வெள்ளி கறுக்கும்.

குழித்தறி வைப்போர் தரை வேலைக்கு முன்பே குழியின் இடத்தைக் கொத்தனாருக்குக் காட்டிவிட வேண்டும். வீடு முழுதும் வழவழப்பான டைல்ஸ் பதித்துவிட்டுப் பிறகு அதை வெட்டுவது வீண். குழியின் அடியையும் டைல்ஸால் அடைத்துவிட்டால் மண்ணின் ஈரம் நூலுக்கு ஏறாது. கமண்டல நாகநதியை ஒட்டிய தாழ்வான மனைகளில் மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும் என்பதால் அடித்தள உயரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளவும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. நெல் விதையின் ஈரம் 13 சதவீதத்துக்கு மேற்படாமலிருந்தால்தான் முளைப்புத்திறன் நிற்கும். ஆகவே விதை அறைக்குக் குளிர்ச்சியும் வறட்சியும் வேண்டும்; தறி அறைக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் புது வீட்டிலாவது விடலாம். பட்டுப்புழு வளர்ப்போருக்கு மனை 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாதலால் மேற்சொன்ன கூரை முறை அவர்களுக்கு இன்னும் அதிகம் பொருந்தும்.

இனி இணைய விஷயம். 2011இல் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு எனத் தொடங்கிப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்னும் மாநில அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் கேபிள்காரர்களும் இழையைத் தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இணையம் வந்தவுடன் விற்பனை தானாகப் பெருகிவிடும் என்று பேசுவோரை நாம் நம்புவதில்லை. நல்ல புடவையும் சொன்ன நாளில் கொடுப்பதும் இல்லாமல் எந்தக் கம்பியும் விற்றுத் தராது. ஆயினும் புடவையின் படத்தை அனுப்புவதும், வாங்குவோருக்குத் தறியிலேயே கோர்வையைக் காட்டுவதும், கூலி வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்ப்பதும், மின்னணு ஜக்கார்டு வைத்திருப்போர் அட்டைக்குப் பதில் வடிவத்தைக் கோப்பாகப் பெறுவதும் இன்று தொழிலின் பகுதியாகிவிட்டன. பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது.

நம் தெருக்களில் வீடு குறுகலாக, வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும். இழை வாசலில் வந்து நிற்கும். வைஃபை பெட்டியை அங்கேயே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவார்கள். தறியோ நடுவிலோ பின்கட்டிலோ இருக்கும். வைஃபை என்பது வானொலி அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரிரு செங்கல் சுவரைத் தாண்டும். வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு 9 அங்குலச் சுவரிலேயே களைத்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டைக் கடப்பது இரண்டுக்குமே கடினம். ஆகவே மாடிக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

முன்னர்ச் சொன்ன முரண்பாடு இங்கே வருகிறது. கொல்லையில் தகரக் கூரையிட்ட தறிக்கூடத்தில் வெயில் தடுப்புக்காக அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பை அடிக்கிறார்கள். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி விட்டால் அது வெயிலை நன்றாகவே திருப்பும். ஆனால் வெயிலைத் திருப்பும் அதே உலோகத் தாள் வைஃபை அலையையும் கைப்பேசி அலையையும் திருப்பிவிடும். தாளை விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய கூடத்துக்குள் கம்பி வழியே இணையத்தைக் கொண்டுபோய், உள்ளேயே ஒரு சிறு வைஃபை பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். எக்ஸ்.பி.எஸ். பலகையும் சுண்ணாம்பு ஜல்லியும் இப்படிப் பெரிதாகத் தடுப்பதில்லை.

கம்பிக்கு வழி விடுவது மிகச் சுலபம். காலத்தில் செய்ய வேண்டும், அவ்வளவே. மின்சார வயரிங்குக்குத் தளத்தில் பைப் பதிக்கும் அன்றே, இணையத்துக்கென்று தனியாக ஓர் அங்குல பி.வி.சி. பைப் போடச் சொல்லுங்கள். வாசல் அறையில் மின் பெட்டிக்குச் சற்று விலகி ஓர் இடத்தை மையமாகக் கொண்டு, அங்கிருந்து தறி அறைக்கு ஒன்று, பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. மாடி இன்று கட்டாவிட்டாலும் பைப்பைக் கைப்பிடிச் சுவருக்குள் நிறுத்தி வாயை அடைத்துவைக்கலாம். ஒவ்வொரு பைப்பிலும் ஓர் இழுகம்பியை விட்டுவைத்தால் பத்து ஆண்டு கழித்து வேறு வகைக் கேபிள் வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். எல்போ வைத்துச் செங்கோணமாகத் திருப்பினால் கேபிள் இழுபடாது. அகன்ற வளைவே வேண்டும். மின்சாரப் பைப்போடு சேர்த்து ஒரே பைப்பில் விடவே கூடாது. பக்கத்திலே ஓடினால் ஓர் அடியாவது விலக வேண்டும். குறுக்கே கடந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

உள்ளே இழுக்க வேண்டியது கேட்-6 எனப்படும் எட்டு இழைக் கேபிள். அது 100 மீட்டர் வரை பழுதின்றி வேலை செய்யும்; நம் வீட்டு நீளத்துக்கு ஏராளம். வாங்கும்போது ஏமாறக் கூடாது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி கேட்-6 என்ற பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கிறார்கள். இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெண்மை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடவும். ஜரிகையை உரசிப் பார்த்து வாங்கும் நமக்கு இது புதிய வித்தையல்ல.

வீட்டிலிருந்து கொல்லைத் தறிக்கூடத்துக்குத் திறந்த வெளியில் செம்புக் கேபிளைத் தொங்கவிடுவதை நாம் விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் அருகே மின்னல் விழுந்தாலே அக்கம்பி வழியாகப் பெட்டிகள் இரண்டும் போய்விடும். மின்னணு ஜக்கார்டு அதனோடு இணைந்திருந்தால் நஷ்டம் பெரிது. அவ்விடத்தில் கண்ணாடி இழையைப் பூமிக்கடியில் பைப்பில் கொண்டுபோவதே சரி. அது மின்சாரத்தைக் கடத்தாது.

ஒரே அறையும் ஒரு தறியும் உள்ள வீட்டுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. வைஃபை பெட்டியை வாசலில் மாட்டாமல் தறி அறைச் சுவருக்கு நகர்த்திவைத்தாலே போதும். அதற்கும் ஒரே ஒரு பைப் மட்டும் தளத்தில் இருக்கட்டும்.

பண விஷயத்தில், நெசவாளருக்கு வீட்டோடு சேர்ந்த தறிக்கூடம் கட்ட உதவும் திட்டங்கள் ஏழாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்திலிருந்தே (1985-90) இருந்துவந்திருக்கின்றன. தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்திலும் தனிநபர் தறிக்கூடத்துக்கு உதவியளிக்கும் பகுதி உண்டு. தகுதியும் தொகையும் அவ்வப்போது மாறுவதால் அஸ்திவாரம் தோண்டுமுன் சங்கச் செயலாளர் மூலமாகக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. கட்டி முடித்தபின் மனுக் கொடுத்தால் பெரும்பாலும் பயன் இராது. மதிப்பீடு தயாரிக்கும்போது நுரைப் பலகையையும் இணையப் பைப்பையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லவும். மொத்தக் கான்டிராக்டில் எழுதாத வேலையை எந்த மேஸ்திரியும் செய்துகொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முன்தினம் மாலையில் சென்ட்ரிங் மேல் ஏறி, பைப்புகள் ஓடும் வழியை ஓர் அளவுநாடாவை விரித்து வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளவும். எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துவைக்கவும். பின்னாளில் ஜக்கார்டு தாங்கக் கூரையில் கொக்கி அடிக்க வரும் ஆசாரி துளைபோடும் இடத்தை அந்தத் தாளைப் பார்த்தே குறிப்பார்.